குப்பைத்தொட்டி இருக்க வேண்டிய இடம்

குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்பதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. வீட்டில் அடுப்படி மூலையில் வைப்பார்கள், அலுவலகத்தில் மேசைக்கடியில். கரடி நடமாடும் ஒரு பூங்காவில் மட்டும் அது நிர்வாக முடிவு. நேற்றிலிருந்து நீங்கள் என்னிடம் தொட்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எழுத்தர் எழுதிய முதல் பக்கத்தில் நான்கு பிழைகள் இருந்தன. கீழே கையெழுத்துப் போடப்போகிறவன் நான்.

வனவிலங்கு, பூங்காத் துறையின் நிதிப் பிரிவில் எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். கடைசி ஒன்பது வருடங்கள் கண்காணிப்பாளர். என் மேசை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது வாகன நிறுத்தம்தான். இந்தத் துறையில் வேலை என்றதும் உறவினர்கள் நான் தினமும் மானுக்கு இலை ஊட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். நான் மானைப் பார்த்தது பெரும்பாலும் விண்ணப்பங்களின் மூலையில் இருக்கும் முத்திரையில்தான்.

எங்கள் துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வரிப்பணத்திலிருந்து என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் ஒருவரும் கொடுப்பதில்லை. எங்களுக்கு வருவது மீன்பிடி உரிமக் கட்டணம், வேட்டை அனுமதிக் கட்டணம், வாசலில் கிழிக்கும் நுழைவுச்சீட்டு. விலங்குகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் எங்களுக்கு நீளமாகக் கடிதம் எழுதுவார்கள். விலங்குகளைச் சுடுகிறவர்கள்தான் காசு கொடுப்பார்கள். ஒரு கரடியைக் காப்பாற்ற வேண்டுமானால் இத்தனை பேர் காட்டுப்பன்றியைச் சுட வேண்டும் என்று என்னால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். ஆனால் சுடுகிறவர்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து திரையில் சுடுகிறார்கள். அதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை.

நடுவில் ஒரு யோசனை வந்தது. விலங்குப் படம் போட்ட வாகன எண் பலகை. கூடுதல் கட்டணம் கட்டினால் உங்கள் காரில் மான் இருக்கும், அல்லது கழுகு. மான் நன்றாக விற்றது. வௌவால் மாநிலம் முழுக்க மூன்றுதான் விற்றது. அதில் ஒன்று என்னுடையது. விற்காததை யாராவது வாங்க வேண்டும் அல்லவா? இந்த வௌவால் பிறகு வரும், அதனால்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இவை தவிர ஆபத்துத் தடுப்பு நிதி என்று ஒன்று உண்டு. அது மேலிடத்திலிருந்து வரும். அதற்கு ஊதா நிறத்தில் ஒரு படிவம். பன்னிரண்டு பக்கம் இருந்தாலும் நான்காம் பக்கத்தில் உள்ள ஒரு கட்டம்தான் முக்கியம். ‘பார்வையாளருக்கு வனவிலங்கால் காயம் ஏற்பட்ட சம்பவம்: உண்டு / இல்லை.’ உண்டு என்றால் மூன்று வருடத்துக்கு நிதி. இல்லை என்றால் படிவம் அப்படியே திரும்பி வரும், ஐந்தாம் பக்கத்தை யாரும் புரட்டியிருக்கக்கூட மாட்டார்கள். ஆபத்தைத் தடுத்துவிட்ட பூங்காவுக்கு ஆபத்துத் தடுப்பு நிதி எதற்கு என்பது அவர்கள் வாதம். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஏரிப் பூங்காவில் ஒருவர் கரடிக்கு ரொட்டியைக் காட்டிக்கொண்டே படம் எடுக்கப் பார்த்தார். முழங்கையில் ஏழு தையல். அந்த ஏழு தையலில் எங்களுக்கு ஒரு ஜீப் வந்தது, வேலி வந்தது, ஒரு கால்நடை மருத்துவர் வந்தார், கரடி திறக்க முடியாத இரும்புக் குப்பைத்தொட்டிகள் வந்தன. ஒரு வாசல் காவலர் பணியிடமும் வந்தது, பூங்காவுக்குள்ளேயே குடியிருப்போடு. அந்தப் பணியிடத்துக்கு என் தங்கையின் கணவரை நான் சிபாரிசு செய்தேன். அவர் அதற்கு முன்பு ஒரு மரக்கடையில் இருந்தார், கடை மூடிவிட்டது. தகுதியெல்லாம் இருந்தது. சட்டப்படி தவறு ஏதும் இல்லை, நீங்கள் கோப்பைப் பார்க்கலாம்.

நல்ல மனிதர். அலுவலகத்துக்கு வந்தால் என்னை சார் என்பார், வீட்டில் மச்சான் என்பார். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொண்டால் நல்லது.

அவரிடம் ஒரு குறை. வேலையை அளவுக்கு மீறி ஒழுங்காகப் பார்ப்பார். தொட்டிகளைச் சாப்பாட்டு மேசைகளிலிருந்து இருநூறு அடி தள்ளி, சேவைச் சாலை ஓரமாகவே வைப்பார். கொக்கி மாட்டியிருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்ப்பார். யாராவது கரடியைக் கண்டு கைபேசியைத் தூக்கினால் போதும், இவர் எங்கிருந்தோ வந்து நின்றுவிடுவார். காற்று ஊதல் ஒன்று வைத்திருந்தார், அமுக்கினால் கப்பல் வந்ததுபோல் சத்தம் போடும். கரடி மலைக்கே ஓடிவிடும். ஐந்து வருடத்தில் ஏரிப் பூங்காவில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

முதல் மூன்று வருடம் முடிந்ததும் நிதி நின்றது. மருத்துவர் போனார். ஜீப் பழுதாகி, எங்கள் வாகன நிறுத்தத்தில், என் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. காவலர் பணியிடத்தை மட்டும் நான் வேறு வேறு தலைப்புகளில் நுழைத்து இரண்டு வருடம் இழுத்துப் பிடித்தேன். ஒரு வருடம் அவர் ‘ஏரியில் மீன்குஞ்சு விடுதல்’ என்ற தலைப்பில் சம்பளம் வாங்கினார். அவருக்கு அது தெரியாது. கடைசியில் தலைப்புகளும் தீர்ந்துபோயின. தன் வேலையைத் தானே தின்று முடித்தார் என்று சொன்னால் கேட்பதற்குக் கடுமையாக இருக்கும், ஆனால் கோப்பு அதைத்தான் சொல்கிறது.

வருட ஆரம்பத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் இயக்குநர் என்னிடம் கேட்டார்.

“ஏரிப் பூங்கா என்னாச்சு? இந்த வருஷமும் இல்லைதானா?”

“இல்லைதான் சார்.”

“என்னய்யா பூங்கா அது, கரடிங்க எல்லாம் சந்நியாசம் வாங்கிடுச்சா? ஒரு சின்னக் கீறல் போதுமே. ஒரே ஒரு கீறல்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கூட்டக் குறிப்பில் ‘ஏரிப் பூங்கா தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்க இயக்குநர் அறிவுறுத்தினார்’ என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவரை இதில் இழுக்க நான் விரும்பவில்லை. எழுத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலை ஒட்டிய இரண்டு அறை வீடு. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஏரி. அவள் அந்த ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, துணி நல்லதா வாங்கிட்டேன். இந்த வருஷம் நிரந்தரமாக்கிடுவாங்கல்ல?”

“ஆக்கிடுவாங்க.”

“நெஜமாவா? இல்ல எனக்காகச் சொல்றியா?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். எங்களுக்கு அப்பா சீக்கிரம் போய்விட்டார், அவளைக் கட்டிக்கொடுத்தது நான். இந்தப் பொறுப்பு எப்படிப்பட்டது என்பது உங்களுக்கும் தங்கை இருந்தால் புரியும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து தொட்டிகளை நகர்த்த ஆரம்பித்தேன்.

சிரமமான வேலை அல்ல. தொட்டியின் அடியில் சக்கரம் உண்டு, சாய்த்துப் பிடித்தால் உருளும். சனிக்கிழமை மாலை வாசல் மூடியதும் போவேன். மாப்பிள்ளை நுழைவுச்சீட்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருப்பார். “நீங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை, நான் ஏரிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்” என்பேன். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருந்தது உண்மை. இரண்டு தொட்டிகளைச் சாப்பாட்டு மேசைகளுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கொக்கியைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். இரவு கரடி வந்து பழக வேண்டும். பழகிய கரடி ஞாயிற்றுக்கிழமை பகலிலும் வரும். பகலில் பார்வையாளர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது ரொட்டியைக் காட்டுவார். மக்களை நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது முழங்கை அளவுக்கு ஒரு கீறல்.

ஆனால் மாப்பிள்ளை விடிந்ததும் ஒரு சுற்றுப் போவார். தொட்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்து, சிந்தியிருப்பதையெல்லாம் கூட்டி அள்ளி, தொட்டிகளைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு போய்க் கொக்கி மாட்டிவிடுவார். வாசல் திறக்கும்போது எல்லாம் பழையபடி இருக்கும். பத்து வாரம் இதே கதை. நான் நகர்த்த, அவர் நகர்த்த. இரண்டு பேருக்கும் ஒரே குறிக்கோள்தான், அவருடைய வேலை போகக் கூடாது. அவருக்கு மட்டும் வழி தெரியவில்லை.

“யாரோ நம்மகிட்ட விளையாடுறாங்க மச்சான்,” என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. “சனிக்கிழமை சனிக்கிழமை நடக்குது. தடம் பாத்தேன், பெரிய கரடி. குட்டி ஒண்ணும் கூட இருக்கு.”

“பசங்களா இருக்கும்.”

“பசங்களுக்கு என்ன மச்சான் லாபம்? நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மாட்டாம போக மாட்டாங்க.”

அவர் முறைப்படி ஒரு அறிக்கையும் அனுப்பினார். தொட்டிகளைக் கட்டிவைக்க நான்கு மீட்டர் சங்கிலி வேண்டும், காற்று ஊதலில் காற்று தீர்ந்துவிட்டது, புதுக் குப்பி வேண்டும். அறிக்கை என் மேசைக்குத்தான் வந்தது. ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்று எழுதித் திருப்பினேன். இதில் உள்நோக்கம் இருந்ததா என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். நிதி ஒதுக்கீடு உண்மையாகவே இல்லை. அதுதானே பிரச்சினையே.

படிவம் அனுப்பக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை பதினோராவது சனிக்கிழமை. அன்று எனக்குக் கொஞ்சம் அவசரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படகுத்துறையில் மீன் சுத்தம் செய்கிற இடத்திலிருந்து இரண்டு வாளி கழிவு எடுத்து வந்து தொட்டிகளில் போட்டேன். அவ்வளவு இருந்தால் கரடி விடிந்த பிறகும் இடத்தை விட்டு நகராது. மாப்பிள்ளை சுற்றுக்கு வரும்போது அங்கே கரடி இருந்தால் தூரத்திலிருந்தே திரும்பிவிடுவார், அவர் விவரம் தெரிந்தவர். தொட்டி அங்கேயே இருக்கும், வாசல் திறக்கும், மக்கள் வருவார்கள். இப்படித்தான் யோசித்தேன். நன்றாக யோசிக்கப்பட்ட திட்டம்.

கை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் தங்கை கேட்டாள்.

“என்னண்ணா மீன் வாடை?”

“படகுத்துறைப் பக்கம் போனேன்.”

அப்போது மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “நாளைக்கு ஆளைப் பிடிச்சுடுவேன் மச்சான். சுற்றுக்குப் போற நேரத்துக்குப் போனா ஆள் போயிடறான். நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் மேசைக்குப் பின்னாடி உக்காந்துக்கப் போறேன். வெளிச்சம் போடாம, சத்தம் போடாம.”

“தனியாவா போறீங்க?” என்று தங்கை கேட்டாள்.

“பின்ன? கூட்டத்தோட போனா திருடன் வருவானா?”

அவள் என்னைப் பார்த்தாள். “நீயாவது சொல்லேன் அண்ணா.”

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க விரும்புவீர்கள், அதனால் நிறுத்தி எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்: “அவர் வேலையை அவர் பார்க்கட்டும்மா. நாம குறுக்க நிக்கக் கூடாது.”

என்ன சொல்லியிருக்க முடியும்? போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். நோட்டு வேறு வைத்திருக்கிறார். தொட்டியை நகர்த்தியது நான்தான் என்று அங்கே, தங்கைக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். என் இடத்தில் இருந்து பாருங்கள். அந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். படுக்கும் முன் எதையாவது படிப்பது என் வழக்கம். நான்காம் பக்கக் கட்டத்துக்கான விளக்கம் பின்னிணைப்பில் இருக்கிறது. பணியில் இருக்கும் ஊழியருக்கு ஏற்படும் காயமும் சம்பவமாகவே கொள்ளப்படும். உயிரிழப்பு எனில் நிதி ஒன்றரை மடங்கு, காலம் ஐந்து வருடம். இருபத்தாறு வருடமாக இந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறேன், அந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை. ஒரு காகிதத் துண்டை அடையாளமாக வைத்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. கரடி குட்டியோடு இருந்தது. அவர் மேசைக்குப் பின்னால், கரடிக்கும் குட்டிக்கும் நடுவில், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார். காலியான காற்று ஊதலை அமுக்கியிருக்கிறார். கட்டைவிரல் அதன் மேலேயே இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எழுதியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை அந்தப் புதுத் திரைத்துணியை எடுத்து வந்து அவர் மேல் போர்த்தியிருந்தாள். நான் அழுதேன். நடிப்பு என்று உங்கள் உதவி ஆய்வாளர் சொன்னாராம். அவர் சின்ன வயசு.

திங்கட்கிழமை அந்தக் கரடியைச் சுட்டார்கள். உத்தரவில் நிதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்பதால் நானும் கையெழுத்திட்டேன். அதற்குத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பிராணி. இத்தனையும் யாருக்காகச் செய்தோமோ அதையே சுட வேண்டிவந்தது. புதன்கிழமை ஊதாப் படிவத்தை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்டு என்ற இடத்தில் பேனா வைத்தபோது கட்டத்துக்கு வெளியே கோடு போகவில்லை. மாப்பிள்ளை பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

நிதி வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு, ஒன்றரை மடங்கு. கால்நடை மருத்துவர் திரும்ப வருகிறார். ஜீப் ஓடுகிறது, என் ஜன்னலில் இப்போது வெளிச்சம் வருகிறது. சங்கிலி பத்து மீட்டராகவே வாங்கிவிட்டோம். ஆய்வுக் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தார், பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். காவலர் பணியிடம் நிரந்தரமாகிவிட்டது. நான் தங்கையிடம் கொடுத்த வாக்கு அது. ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

குடியிருப்பு பணியில் இருப்பவருக்கு மட்டும்தான் என்பதால் தங்கைக்குக் காலி செய்யச் சொல்லி அறிவிப்புப் போக வேண்டியிருந்தது. அதை வேறு யாராவது அனுப்பினால் முப்பது நாள்தான் கொடுத்திருப்பார்கள். நான் அறுபது நாள் போட்டேன். அவள் அதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

வீட்டை ஒழிக்கும்போதுதான் அவளுக்கு அந்த நோட்டு கிடைத்தது. நீங்களும் படித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இரண்டு வரி. மேலே, ‘மாலை வௌவால் வண்டி. மச்சானோடு சாப்பாடு.’ கீழே, ‘விடிந்து பார்த்தால் தொட்டி இரண்டும் மேசைப் பக்கம். யாரென்று தெரியவில்லை.’ பதினோரு சனிக்கிழமையில் பத்து இப்படி. கடைசிச் சனிக்கிழமைக்கு மேல் வரி மட்டும் இருக்கிறது. அவ்வளவு கவனமான மனிதர், இரண்டு வரியையும் ஒருநாள்கூடச் சேர்த்துப் படிக்கவில்லை. மச்சான் என்ற சொல்லைத் தாண்டி அவருக்கு யோசிக்க வரவில்லை. என் தங்கை படித்தாள். பதினோராவது சனிக்கிழமையின் மீன் வாடையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள், எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

நேரடியாக எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். தொட்டிகளை நகர்த்தியது நான். கொக்கியைக் கழற்றியதும், மீன் கழிவு போட்டதும், ஊதலுக்குக் காற்று மறுத்ததும் நான். அவர் அங்கே தனியாகப் போய் உட்காருவார் என்று தெரிந்தும் தடுக்காமல் வீட்டுக்கு வந்து விதிமுறைப் புத்தகம் படித்ததும் நான். இதற்குக் கொலை என்று பெயர் வைப்பது உங்கள் துறையின் விருப்பம். எங்கள் துறையில் இது சம்பவம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பணியில் இறந்தவரின் மனைவிக்கு அந்தப் பணியிடத்தையே கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. தங்கையின் பெயரைப் பரிந்துரைத்து நான் தயாரித்த கோப்பு என் மேசையின் இடதுபக்க இழுப்பறையில் இருக்கிறது, இயக்குநரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது கிடைத்தால் அவள் அந்த வீட்டிலேயே இருக்கலாம், திரைத்துணி வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிதி ஐந்து வருடம்தான், அது முடிந்ததும் மறுபடி அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டிவரும், அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன். என்னோடு அவள் பேச மாட்டாள். அதனால் நீங்களே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அவரைப் போல அவ்வளவு கவனமாக வேலை பார்க்க வேண்டாம்.